வெறுங்கம்பி

"ரெண்டு பக்கமும் ஏதாவது மாட்டிக்கோங்க அக்கா. பாக்க மொட்டையா இருக்கு."

சொன்னவன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னான். எதையுமே அவன் கண்ணாடியைப் பார்த்துத்தான் சொல்வான். ஜிம்முக்கு வந்த முதல் வாரமே அவள் அவனுக்குக் கண்ணாடி மாப்பிள்ளை என்று பேர் வைத்து, அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அவன் அவளுக்கு வைத்த பேரை அப்படி வைத்துக்கொள்ளவில்லை. ஜிம் முழுக்க அவள் வெறுங்கம்பி. எடை வட்டு எதையும் மாட்டாமல், வெறும் இரும்புக் கம்பியைக் குனிந்து எடுத்து, இடுப்புவரை நிமிர்த்தி, மறுபடி தரையில் வைக்கிற பொம்பளையை வேறு எப்படிக் கூப்பிடுவது?

"டாக்டர் மாட்டச் சொன்னதும் மாட்டிக்கிறேன்," என்றாள்.

"எந்த டாக்டர்? பல் டாக்டரா?"

ட்ரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த இருவர் சிரித்தார்கள். ஒருவருக்கு மூச்சு வாங்கியதால் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

அவள் கம்பியை வைத்தாள். வைக்கும்போதுதான் வலது தோளுக்குள் தையல் போட்ட இடம் சுருக்கென்றது. தூக்குவதில் பாதி வீம்பு இருக்கும். வைப்பதில் வீம்புக்கு வேலையில்லை.

அவளுக்கு ஆம்புலன்ஸில் வேலை. வண்டி ஓட்டுகிற டிரைவரை அண்ணே என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது சொந்த அண்ணன் என்றே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம் அவள், கால்பக்கம் அவர். இருவருக்கும் நடுவே இரண்டே சட்டங்கள். ஒன்று, பாரம் கைமாறும்போது வாங்குகிறவர் 'வாங்கியாச்சு' என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை காதில் விழாமல் கொடுக்கிறவர் பிடியை விடக் கூடாது. இரண்டு, யாராவது ஒருவர் 'வை' என்றால் மற்றவர் ஏன் என்று கேட்காமல் வைத்துவிட வேண்டும். "ஏன்னு வச்ச பிறகு கேட்டுக்கலாம்" என்பார் அண்ணன்.

தோள் போனதும் அந்த முதல் சட்டத்தால்தான். குறுகலான மாடிப்படியில் ஒரு கனத்த பெரியவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மருமகன், "நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்று தலைப்பக்கம் அவளுக்குப் பக்கத்தில் வந்து பிடித்தார். பாதிப் படியில் அவருடைய போன் அடித்தது. எடுத்து, "சொல்லுங்க" என்றார். பாரம் முழுவதும் அவள் வலது கைக்கு வந்தது. வாங்கியாச்சு என்று சொல்ல அங்கே யாருமில்லை. அவள் விடவில்லை. பெரியவர் பிழைத்துக்கொண்டார். தோளுக்குள் தசை அறுந்து, வெட்டித் தைக்க வேண்டியதாயிற்று.

*

"தங்கச்சி, நீ திரும்ப வேலையில சேர்றதுக்கான டெஸ்டுக்குத் தேதி குறிச்சிட்டாங்க."

டிரைவர் அண்ணன் போனில் பேசினால் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"எப்போ அண்ணே?"

"மாசக் கடைசி. மணல் அடைச்ச பொம்மை. மாடிப்படியில ஏத்தி இறக்கணும். நீ தலைப்பக்கம்."

"கால்பக்கம் குடுக்க மாட்டாங்களா?"

"கேட்டேன். 'ஆளு எந்தப் பக்கம் கிடக்கிறான்னு பாத்துட்டா நீங்க போவீங்க'ன்னு அதிகாரி என்னையே திருப்பிக் கேக்குறாரு."

"தூக்க முடியலன்னா?"

ஹாரன் மட்டும் கேட்டது.

"உன் இடத்துல புதுசா ஒரு பொண்ணு வருது," என்றார் கடைசியில். "நல்ல பொண்ணுதான். வண்டியில ஏறினதும் பாட்டுப் போடுங்கண்ணேங்குது."

"போட்டீங்களா?"

"ரேடியோ ரிப்பேர்னு சொல்லி வச்சிருக்கேன். எத்தனை நாளைக்குத்தான் சொல்றது? சீக்கிரம் வந்து சேரு."

தூக்க முடியாவிட்டால் என்ன என்பது அவளுக்கும் தெரியும். ஆம்புலன்ஸ் கேட்டு வருகிற போனை எடுக்கிற அறையில் நாற்காலி காலியில்லை. வீடுதான். வீட்டில் தையல்காரப் புருஷனுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஊசியில் நூல் கோர்க்க இப்போதே அவளைத்தான் கூப்பிடுகிறார். இரண்டு பேரில் ஒருவராவது முழுசாக இருக்க வேண்டாமா?

பிசியோ அம்மா, "இங்க செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு, இனிமே ஜிம்முக்குப் போங்க" என்று அனுப்பும்போது ஒன்று சொல்லியிருந்தார். "வலி வந்தா நிறுத்துங்க. வெக்கம் வந்தா நிறுத்தாதீங்க. அப்புறம், தனியா மட்டும் தூக்காதீங்க."

வீட்டிலேயே செய்துவிடலாம் என்று அவள் முதலில் பார்க்காமல் இல்லை. தண்ணீர்க் கேனைத் தூக்கினால் தையல் மிஷின் நின்றுவிடும்.

"போதும்மா. முகம் கோணுது உனக்கு."

"கோணட்டும். என்னை என்ன பொண்ணு பாக்கவா வர்றாங்க?"

"கேனைக் குடு இப்படி. உக்காரு."

வாங்கி வைத்துவிடுவார். அவருக்கு வாங்கியாச்சு என்று சொல்லத் தெரியாது. ஆனால் வாங்கிவிடுவார்.

*

"அக்கா, ஒரு சின்ன விஷயம். தப்பா எடுத்துக்காதீங்க."

ஜிம் மாஸ்டர் இப்படித் தொடங்கினால் தப்பாக எடுத்துக்கொள்வதைத் தவிர வழியிருக்காது.

"சொல்லுங்க மாஸ்டர். எப்படி எடுத்துக்கிறதுன்னு அப்புறம் பாக்கலாம்."

"மத்தியானம் வாங்களேன். யாரும் இருக்க மாட்டாங்க. காத்தோட்டமா செய்யலாம்."

"மத்தியானம் நீங்க பூட்டிட்டுச் சாப்பிடப் போவீங்களே."

"சாவி குடுத்துட்டுப் போறேன்."

"காலையில வந்தா என்ன?"

"புதுசா சேர வர்றவங்களுக்கு வாசல்லயே நீங்கதான் கண்ல படுறீங்க. ஒருத்தர் கேட்டே கேட்டுட்டாரு, இது ஜிம்மா ஆஸ்பத்திரியான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

மாஸ்டர் கழுத்தில் தொங்கிய விசிலைத் திருகினார். "சிரிச்சேன்."

கெட்ட மனிதரில்லை. அதனால்தான் உண்மையைச் சொன்னார்.

"தனியாத் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மாஸ்டர். தோள் மறுபடி போச்சுன்னா யாரு பாப்பாங்க? உங்க சாவியா பாக்கும்?"

"அப்போ அந்த மூலைக்காவது போயிடுங்க அக்கா."

மூலை என்றால் தரை துடைக்கிற கட்டையும் வாளியும் சாத்தி வைத்திருக்கிற இடம். அவள் போனாள். வாளியைக் காலால் ஒதுக்கிவிட்டு, கம்பியைத் தரையில் வைத்தாள். ஒரு காலத்தில் விபத்து நடந்த இடத்துக்கு அவள் நடந்து வந்தால் கூட்டம் தானாக விலகி வழிவிடும். "அக்கா வந்துட்டாங்க, தள்ளு, தள்ளு" என்பார்கள். இங்கே அவள்தான் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது. போனால் போகிறது. மாசக் கடைசிவரை வாளியோடு குடித்தனம் நடத்தினாலும் நடத்திவிடலாம்.

*

அது நடந்த அன்று மற்ற கம்பிகள் எல்லாம் ஆளிடம் இருந்தன. கண்ணாடி மாப்பிள்ளை மூலைக்கு வந்தான்.

"முடிச்சிட்டீங்கல்ல? குடுங்க."

"இன்னும் இருக்கு தம்பி."

"எதுவுமே மாட்டல, அதுல என்ன இன்னும் இருக்கு? நான் சூடா இருக்கேன் அக்கா, ஆறிடும். குடுங்க."

அவள் அப்போதுதான் நிமிர்ந்திருந்தாள். கம்பி இடுப்பளவில் இருந்தது. அவன் அவளுடைய இரண்டு கைக்கும் நடுவில் பிடித்து இழுத்தான். அவள் கைகள் எத்தனையோ வருஷமாகச் செய்து பழகியதைச் செய்தன. இறுகின. அவன் வாங்கியாச்சு என்று சொல்லவில்லையே.

"அட, விட மாட்டேங்குறாங்க பாரு," என்று அவன் பின்னால் திரும்பிச் சொன்னான். "வீட்டுக்குக் கொண்டு போகப் போறீங்களா? துணி காயப் போடவா?"

யாரோ போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள். அது அவனுக்கு இன்னும் தெம்பு கொடுத்தது. கார் ஓட்டுகிறவன் மாதிரி கம்பியை ஒரு பக்கம் திருப்பினான்.

"வை," என்றாள்.

"என்னது?"

"வை."

அந்த ஒரு வார்த்தைக்கு அண்ணன் கொட்டும் மழையில் சேற்றிலும் வைத்திருக்கிறார். எரிகிற வீட்டு வாசலில்கூட வைத்திருக்கிறார். இவனுக்கு அது வெறும் சத்தம். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை திருப்பினான்.

அவளுடைய புருஷன் துணி கிழிக்கும்போது ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு மீதியைக் கையால் இழுப்பார். அந்தச் சத்தம் தோளுக்குள் கேட்டது. அவள் விடவில்லை. விரல்கள் அவளைக் கேட்காமல் தாமாக விரிந்தன. கம்பி ரப்பர் விரிப்பில் விழுந்து ஒரு துள்ளு துள்ளியது.

"பாத்தீங்களா, விட்டுட்டாங்க," என்றான் அவன், ஜெயித்தவன் மாதிரி.

அவள் தலைகீழாகக் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. மாஸ்டர் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"அவன் சும்மா விளையாட்டுக்கு... நீங்க விட்டிருக்கலாமே அக்கா."

வீட்டில் புருஷன் துண்டில் ஐஸ் சுற்றி ஒற்றிக்கொண்டே சொன்னார். "கம்பிதானே, விட்டிருக்கலாமேம்மா."

பிசியோ அம்மா தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "போட்ட தையல்ல பாதி பிரிஞ்சிருக்கும்னு தோணுது. டெஸ்டைத் தள்ளிப் போடச் சொல்லுங்க."

"ஏற்கெனவே தள்ளிப் போட்டுத்தான் இந்தத் தேதி."

"அப்போ போகாதீங்க. தூக்கினா மீதியும் போயிடும்." கையைத் துடைத்துக்கொண்டு கதவுவரை வந்தவர், அங்கே நின்று அதையேதான் கேட்டார். "ஏன் விடல நீங்க?"

மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். ஏன் இழுத்தாய் என்று அவனை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதாள். இடது கையால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வரவில்லை. அதற்கும் சேர்த்து அழுதாள்.

*

டெஸ்ட் அன்று அவள் டிரைவர் அண்ணனுக்கு இடது கையால் வணக்கம் வைத்தாள்.

"அது என்ன புதுப் பழக்கம்?" என்றார். அப்புறம் அவளுடைய வலது கை தொங்குவதைப் பார்த்தார். "யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

அவர் மாடிப்படியை மேலும் கீழும் பார்த்தார். அதிகாரி கீழே நிழலில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரில் மணல் பொம்மை மல்லாந்து கிடந்தது.

"படியில கீழ்ப்பக்கம் நிக்கிறவன் மேலதான் பாரம் வரும். நான்தான் கீழ்ப்பக்கம். ரெண்டு கையையும் நெஞ்சுக்கு ஏத்திப் பிடிச்சிட்டேன்னா முக்கால்வாசி என்கிட்ட வந்துடும். நீ பிடிச்சிருக்கிற மாதிரி வா, போதும்."

"அது ஏமாத்து வேலை அண்ணே."

"ஆமா."

"உங்களுக்கு முட்டி வலி வேற."

"ஆமான்னேனே."

அவள் யோசித்தாள். யோசித்ததாகக்கூடச் சொல்ல முடியாது. "சரி, செய்வோம்," என்றாள்.

ஏறும்போது எல்லாம் நடந்தது. அவள் தலைப்பக்கத்தைப் பிடித்துப் பின்னோக்கி ஏறினாள்; அவர் கீழிருந்து தாங்கிக்கொண்டே வந்தார். படி முடிந்து மாடித் தளம் சமமானதும், இதுவரை அவரிடம் இருந்த பாரம் உருண்டு அவளிடம் வந்தது. தோள் எரிந்து, எரிந்து, பிறகு எரிச்சல் நின்றது. அதுதான் பயமாக இருந்தது. விரல் நுனியில் உணர்ச்சி இல்லை.

திரும்பி இறங்கத் தொடங்கினார்கள். அண்ணன் முன்னால், கீழே. அவருடைய கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. முட்டி நடுங்குவது பேன்ட்டுக்கு வெளியே தெரிந்தது. ஜிம்மில் விரல்கள் அவளைக் கேட்காமல் விரிந்தது நினைவுக்கு வந்தது. இப்போது விரிந்தால் பொம்மையும் ஸ்ட்ரெச்சரும் சேர்ந்து அவர் மேல்தான் போகும்.

கீழே அதிகாரி பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"வை," என்றாள்.

"ஏன்? இன்னும் கொஞ்சம்தான் தங்கச்சி," என்றார் அண்ணன், உதடு அசையாமல். "வந்துட்டோம். பல்லைக் கடிச்சுக்கோ."

"ஏன்னு கேக்கக் கூடாது அண்ணே. வைங்க."

அவர் வைத்தார். படியில் சரியாமல் இருக்க முட்டியை முட்டுக் கொடுத்துக்கொண்டு வைத்தார். இத்தனை வருஷத்தில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு அவள் வை என்று சொன்னதெல்லாம் நோயாளிக்காக. தனக்காகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"என்ன ஆச்சு அங்க?" என்று கேட்டுக்கொண்டே அதிகாரி ஏறி வந்தார்.

"நான்தான் சார் வைக்கச் சொன்னேன்," என்றார் அண்ணன். "எனக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு."

"இல்ல சார். நான் சொன்னேன். கை மரத்துப் போச்சு."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மழைக்காலம் முடிஞ்சதும் இன்னொரு தடவை வாங்க. அதுவரைக்கும் சம்பளமில்லாத லீவு. அப்பவும் இதே கதைன்னா அதுக்கப்புறம் நீங்க வர வேண்டாம்."

அண்ணன் அவளை வீடுவரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். அவள் நோயாளி படுக்கிற பக்கம் உட்காராமல் முன்னால் உட்கார்ந்து வந்தாள். தெரு முனையில் வண்டி நின்றதும் அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார். "நான் கேட்டிருக்கக் கூடாது. வைன்னா வச்சிருக்கணும்."

"வச்சிட்டீங்கள்ல."

"கேட்டுட்டுத்தானே வச்சேன்."

இறங்கிக் கதவைச் சாத்தப் போனவள், சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, ரேடியோ நல்லாயிடுச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. பாவம், எவ்வளவு நாளுதான் சும்மா வரும்."

"ரிப்பேர்னா ரிப்பேர்தான்," என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

*

"முதல்லேர்ந்து வரணும்," என்றார் பிசியோ அம்மா. "கம்பியெல்லாம் இப்போ கிடையாது. ஒரு குச்சி. ரெண்டு கையாலயும் பிடிச்சு, கண்ணாடி முன்னால நின்னு, தோள் ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கான்னு பாத்துப் பாத்துத் தூக்கணும். வீட்ல கண்ணாடி இருக்கா?"

இருந்தது. துணி அளவு பார்க்க வருகிறவர்களுக்காக ஆள் உயரக் கண்ணாடியே இருந்தது. அதன் முன்னால் குச்சியோடு நின்றாள். மிஷின் நின்றது. "போதும்மா," என்றார் புருஷன். குச்சியை வாங்கி வைத்தார். மறுநாளும் வாங்கி வைத்தார். அதற்கு மறுநாள் அவள் காலையிலேயே செருப்பை மாட்டினாள்.

"எங்க?"

"ஜிம்முக்கு."

"அந்தப் பசங்க இருக்கிற இடத்துக்கா?" அவருடைய கையிலிருந்த துணி நழுவியது. "மானம் ரோஷம் இருக்கா உனக்கு?"

"இருக்கு. அதை வச்சிக்கிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்க முடியுமாங்க?"

"இங்கேயே செய்யேன்மா."

"இங்க எனக்கு வலிச்சா உங்களுக்கு வலிக்குது. பிடுங்கி வச்சிடுறீங்க. அங்க யாருக்கும் என் மேல பாசம் கிடையாது. அதான் போறேன்."

ஜிம்மில் அவள் நேராக மூலைக்குப் போனாள். தரை துடைக்கிற கட்டையிலிருந்து துணியை உருவி வாளியில் போட்டாள். கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, பெரிய கண்ணாடிக்கு நேர் நடுவில் நின்றாள். மாஸ்டர் வாயைத் திறந்தார். விசிலைத் திருகினார். பிறகு வாயை மூடிக்கொண்டு வேறெதையோ துடைக்கப் போனார்.

"இதோ பார்றா," என்றது பழக்கமான குரல். "கம்பியும் போச்சு. இப்போ வெறுங்கட்டை."

ட்ரெட்மில்லில் ஒருவர் மட்டும் சிரித்தார்.

அவள் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து உயர்த்தினாள். இடது தோள் ஏறியது. வலது தோள் பாதியில் நின்று, கட்டை ஒரு பக்கம் சாய்ந்தது. கண்ணாடியில் அது ரொம்பக் கேவலமாகத் தெரிந்தது. இறக்கி, மறுபடி உயர்த்தினாள். அதே இடத்தில் நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. கை காலியாக இல்லாததால் துடைக்க முடியவில்லை.

"அக்கா, கொஞ்சம் தள்ளுங்க. மறைக்குது."

கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் அவனுடைய ஒரு புஜமும் காதும் மட்டும் தெரிந்தன.

"தெரியும்," என்றாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மழைக்காலம் முடியிற வரைக்கும்."

"ஐயோ அக்கா, காமெடி பண்ணாதீங்க. குடுங்க அதை." பின்னாலிருந்து கை நீட்டிக் கட்டையின் முனையைப் பிடித்தான்.

அவள் விரல்கள் இறுகின. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இறுகவில்லை. மற்ற மூன்றும் இறுகின. கண்ணாடியில் அவனுடைய பாதி முகத்தைப் பார்த்து, மூச்சு சீராகும்வரை இருந்துவிட்டு, நோயாளியின் வீட்டாருக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"கையை எடுப்பா. நான் இன்னும் வைக்கல."